சட்டியா, கத்தியா

02.07.2025
புதன் காலை

ஜதுசா,

நேற்று நீ எங்கள் கோல்ஃப் பையின் பந்துப் பைக்குள் விட்ட நண்டு என் விரலைக் கவ்வியது. நான் போட்ட சத்தத்தில் புல்லுத் தரையில் நின்ற மான்கள் எல்லாம் வேலியைத் தாண்டி ஓடின. நமக்குப் பயிற்சி தருகிற மஜீத் மாஸ்டர் பார்த்தார், பஸ்மியா பார்த்தாள், புல்லு வெட்டிக்கொண்டிருந்த உன் அப்பாவும் பார்த்தார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உன் நம்பரை ப்ளொக் பண்ணிவிட்டேன். இனி உன்னோடு கதை இல்லை.

ஆனால் பை ஒன்றுதான். ஊழியர்களின் பிள்ளைகளுக்கு இரண்டு பேருக்கு ஒரு பை என்பது இந்தத் திடலின் சட்டம். நான் காலையில் அடிக்கிறேன், நீ பள்ளிக்கூடம் விட்டுப் பின்னேரம் அடிக்கிறாய். பையைப் பற்றி ஏதும் சொல்ல இருந்தால் எழுதி, நண்டு இல்லாமல், பந்துப் பைக்குள் வை. நானும் அப்படியே செய்வேன்.

இப்போது விஷயம். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த இரண்டு அயன் செட், இரும்புத் தலை மட்டைகள், வந்திருக்கிறது. ஒன்று நமக்கு, மற்றது பஸ்மியா–ரிப்கா ஜோடிக்கு. நான் மூத்தவள் என்பதால் முதலில் தெரிவு செய்வது நாம். பத்தாம் திகதிக்குள் இரண்டு பேரும் கையொப்பமிட்டுப் படிவம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு ஜோடியும் சம்மதித்தால் ஒழிய மாற்ற ஏலாது. ஆளுக்கு ஒவ்வொரு செட்டின் ஏழாம் அயனால் இருபது பந்து அடித்து, எது எங்கே போனது என்று எழுதிப் பார்க்கச் சொன்னார் மாஸ்டர்.

இது எனக்கு விளையாட்டு இல்லை. இந்தத் திடலில் வாப்பாவின் வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. பிறகு நாங்கள் கிண்ணியாவை விட்டுக் கந்தளாய்க்குப் போகிறோம். பத்தொன்பதாம் திகதி தெரிவுப் போட்டியில் முதலாவதாக வந்தால் எனக்கு மாகாண அணியில் இடமும் இங்கே விடுதியும் கிடைக்கும். இல்லாவிட்டால் கந்தளாய், அங்கே கோல்ஃப் இல்லை. உனக்குப் பதினாறு வயது, அடுத்த வருடம் இருக்கிறது. எனக்கு இது ஒன்றுதான்.

நிப்லா


02.07.2025
அதே புதன், பின்னேரம்

மரியாதைக்கும் மன்னிப்புக்கும் உரிய நிப்லா ராத்தா அவர்களுக்கு,

நண்டு நலம். உங்கட விரல் நலமா எண்டு கேக்கச் சொன்னது. கவ்வினது அதின்ட பிழை இல்லையாம், பந்து எண்டு நினைச்சுத்தான் பிடிச்சதாம். நான் அதைத் துறைமுகப் பக்கக் கல்லிலயே கொண்டுபோய் விட்டிட்டன், குடும்பத்தோட சேர்ந்திட்டுது. நீங்களும் என்னோட சேரலாம், நண்டே மன்னிச்சிட்டுது.

வீட்டில அயன் செட் வந்த கதையைச் சொன்னன். அத்தை சொல்லுறா, "அப்பாவின்ட கசங்கின சேட்டையும் கொண்டுபோய் அதில அயன் பண்ணிக்கொண்டு வாவன்." நான் சொன்னன், "இது சேட்டை அயன் பண்ணாது அத்தை, சேட்டை பண்ணுறவளைத்தான் அயன் பண்ணும்." அப்பா சிரிக்கேல்லை. நண்டுக் கதை அவருக்கு இன்னும் ஆறேல்லை.

சரி, வேலைக்கு வாறன். முதல்ல பேர் வைப்பம். ஒரு செட்டின்ட முதுகு குழிஞ்சு, விளிம்பு தடிச்சு, அடி அகலமாக் கிடக்கு. அத்தையின்ட மீன் சட்டிதான். மற்றது முதுகு மட்டமா, மெல்லிசா, மினுங்கிக்கொண்டு. கத்தி. ஆகவே சட்டி, கத்தி. மாஸ்டர் சொன்னதை நீங்க கொப்பியில எழுதியிருப்பீங்க, நான் காதில எழுதினனான்: சட்டி பிழை பொறுக்கும். பாரம் விளிம்பு முழுக்கப் பரவியிருக்கிறதால பந்து நடுவை விட்டுத் தள்ளிப் பட்டாலும் தலை அவ்வளவாத் திரும்பாது. அடி அகலம், மண்ணுக்குள்ள குத்தி நிக்காது. கத்தி பொறுக்காது. நடுவில பட்டா வெண்ணெய், தள்ளிப் பட்டா முழங்கை வரை மின்சாரம்.

என்ட கணக்கு: சட்டி இருபதில பதினைஞ்சு நேர். கத்தி ஒம்பதுதான். ஆனா ராத்தா, அந்த ஒம்பது! 'டிக்' எண்டு ஒரு சத்தம். துறைமுகத்தில நிண்ட கப்பலே திரும்பிப் பார்த்திருக்கும். சட்டியின்ட சத்தம் 'டொக்'. தேங்காய் விழுந்தமாதிரி.

என்ட வாக்கு கத்திக்கு.

ஜதுசா
(நண்டின் சார்பாகவும்)


04.07.2025
வெள்ளி காலை

ஜதுசா,

சத்தத்தைக் கேட்டு அயன் தெரிவு செய்கிறவர்கள் உன்னைப் போல ஆட்கள்தான். அவரவர் வீச்சைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்று மாஸ்டர் சொன்னது உன் காதில் விழவில்லை போலும். எங்கே படுகிறது, எவ்வளவு வேகம், எவ்வளவு புல்லைக் கிளப்புகிறாய், இந்த மூன்றும்தான் கேள்வி.

என் வீச்சு மெது. பந்து அதிகமாக நுனிப் பக்கம் படுகிறது. புல்லைக் கிளப்புவதே இல்லை, மேலாகத் தடவிக்கொண்டு போகிறேன். சட்டியின் தண்டும் பாரம் குறைவு, மெதுவான கைக்கு அது உதவும். நேற்று சட்டியால் அடித்ததில் பதினான்கு நேராகப் போனது. மற்ற ஆறும் கொஞ்சம் வலப்பக்கம், ஆனாலும் புல்லுத் தரைக்குள்தான். கத்தியால் அடித்ததில் ஏழு மட்டும் சரி. இரண்டு பந்து எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒன்றைக் குரங்கு எடுத்துக்கொண்டு போனதைக் கண்டேன்.

என் தெரிவு சட்டி. நாளையும் நாளை மறுநாளும் அடித்துப் பார்த்துவிட்டுப் படிவத்தில் எழுதுகிறேன்.

இன்னொன்று. நண்டு விஷயத்தை மாஸ்டரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமைக் காலைப் பயிற்சிக்கு உன்னைச் சேர்க்க வேண்டாம் என்று நான்தான் கேட்டேன். உன் அப்பாவையும் கூப்பிட்டுச் சொன்னாராம். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

நிப்லா


04.07.2025
வெள்ளி பின்னேரம்

நிப்லா ராத்தா,

எழுத்தில குடுத்தீங்களா? நண்டு ஒண்டுக்கு மனு ஒண்டா? அந்த நண்டுக்கே அடையாள அட்டை கேட்டிருப்பீங்க.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து என்ட ஃபோனை எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினார். "நான் இந்தத் திடலில பதினொரு வருசம் புல்லு வெட்டுறன், ஒருத்தரும் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சதில்லை" எண்டார். அவ்வளவுதான். நான் அதுக்கு ஒரு பகிடியும் விடேல்லை, ராத்தா. வாய்க்குள்ள ஒண்டு வந்தது, விழுங்கிட்டன்.

ஒரு பகிடிக்கு இவ்வளவா?

செட் விஷயம். நீங்க பத்தொன்பதாம் திகதி ஒரு நாள் விளையாடுவீங்க, பிறகு விடுதிக்குப் போனா அங்க புதுசு தருவினம். போகாட்டிக் கந்தளாய். எப்பிடிப் பார்த்தாலும் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருசம் திரியப்போறது நான். அதை யோசிச்சீங்களா? இல்லை. உங்கட மனுவிலயும் அது இல்லை.

பரவாயில்லை. நீங்கதான் மூத்தவ. இன்னும் ரெண்டு நாள் அடிச்சுப் பாருங்க. வடிவா அடிச்சுப் பாருங்க.

ஜதுசா


06.07.2025
ஞாயிறு காலை

ஜதுசா,

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நேற்றும் இன்றும் சட்டியின் ஏழாம் அயனால் இருபது இருபதாக அடித்தேன். நேற்றுப் பதினாறு வலப்பக்கம் போனது. இன்று பதினேழு. கொஞ்சம் வலம் என்றால் பரவாயில்லை, வேலிக்கு வெளியே, மரத்துக்குள். அதே கை, அதே நிற்பு, அதே அயன். வியாழக்கிழமை நேராகப் போன பந்துகள் இரண்டு நாளில் எப்படி இப்படியானது?

கச்சான் காற்றோ என்று பார்த்தேன். காலை ஏழு மணிக்குக் காற்றே இல்லை, குடாவில் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. அயனின் தலை கொஞ்சம் பாரமாகத் தெரிகிறது. எனக்குத்தான் களைப்போ தெரியாது. உனக்கு அப்படித் தெரிந்ததா? நேர்மையாக எழுது.

வாப்பா பெட்டிகள் வாங்கி வந்துவிட்டார். குசினிச் சாமான்களை உம்மா கடதாசியில் சுற்றத் தொடங்கிவிட்டா. போட்டிக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

நிப்லா


06.07.2025
ஞாயிறு பின்னேரம்

நிப்லா ராத்தா,

தலை பாரமா? காலையில சாப்பிடாம வந்தா எல்லாருக்கும் தலை பாரம்தான். ரெண்டு ரொட்டி சாப்பிட்டு வாங்க.

வலம் போனா என்ன, இடம் போனா என்ன, இடம் கிடைச்சாச் சரிதானே. (சிரிக்க வேணும்.)

எனக்கு ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்லை. நான் இண்டைக்குச் சட்டியைத் தொடவே இல்லை, கத்தியாலதான் அடிச்சனான். ஒருவேளை சட்டிக்கு உங்கட கை பிடிக்கேல்லையோ? சில சட்டிக்குச் சில அடுப்புச் சரிவராது. கத்தியை இன்னொருக்காப் பிடிச்சுப் பாருங்களேன். அது பொய் சொல்லாது.

சாமான் சுத்துற கதையெல்லாம் எனக்கு ஏன் எழுதுறீங்க? பையைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னது நீங்கதானே.

ஜதுசா


08.07.2025
செவ்வாய் காலை

ஜதுசா,

மூன்று நாளாக என் வீச்சை மாற்றப் பார்க்கிறேன். மணிக்கட்டை முன்னதாகத் திருப்பினேன். பந்தைப் பின்னுக்கு வைத்தேன். பிடியை இறுக்கினேன். இடது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். வலப்பக்கம் போகிறது நிற்கவில்லை. சில பந்து இப்போது இடப்பக்கமும் போகிறது. பழைய வீச்சு எது என்றே மறந்துவிட்டது.

மாஸ்டரிடம் கேட்கவில்லை. தெரிவுக் குழுவில் அவரும் ஒருவர். போட்டிக்கு முன் அவருக்கு என் பயத்தைக் காட்ட விருப்பமில்லை.

கத்தியால் அடித்துப் பார்த்தேன். இருபதில் எட்டுச் சரி. மற்றப் பன்னிரண்டும் கையை அறுத்தது. ஆனால் நீ எழுதியது ஒன்று சரி, அது பொய் சொல்லவில்லை. பிழை என்றால் பிழை என்று கைக்குச் சொல்கிறது. பிழை பொறுக்கிற அயன் என்று மாஸ்டர் சொன்ன அயனே என்னைப் பொறுக்கவில்லை என்றால் பிழை முழுக்க என்னுடையதுதான். அப்படியானால் நல்ல அயனையாவது அடுத்த இரண்டு வருடத்துக்கு உனக்கு விட்டுப் போகலாம் என்று நினைத்தேன். நீ வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் கேட்டது நியாயம்தான், நான் உன்னை யோசிக்கவில்லை.

படிவத்தில் கத்தி என்று எழுதிக் கையொப்பம் போட்டிருக்கிறேன். இத்தோடு இருக்கிறது. நீயும் போட்டு மாஸ்டரின் மேசையில் வை.

நிப்லா


09.07.2025
புதன் பின்னேரம்

நிப்லா ராத்தா,

நேற்றே படிவத்தைக் கண்டனான். நேற்றுப் போடேல்லை. இண்டைக்குப் போட்டனான்.

வடிவா யோசிச்சீங்களா? அவசரப்பட்டு இல்லைத்தானே? நாளைக்கு வரை நேரம் இருக்கு. நான் உங்களுக்கு ஒரு விஷயம்

இல்லை, ஒண்டுமில்லை. மேசையில வைச்சிட்டன். பஸ்மியா ராத்தா வந்து சட்டி செட்டைத் தூக்கிக்கொண்டு போனதையும் கண்டனான். "ஐயோ இந்தச் சட்டி பானையெல்லாம் எங்களுக்கோ" எண்டு கத்தியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிட்டுப் போறா.

கொப்புளத்தை உடைக்காதீங்க, ஊசியால குத்தாதீங்க. தேங்காய் எண்ணெய் பூசுங்க.

ஜது


12.07.2025
சனி காலை

ஜதுசா,

நேற்று ஒன்பது குழியும் கத்தியால் விளையாடினேன். ஆறாவது குழியில் கத்தி மண்ணுக்குள் குத்தி நின்றது, மணிக்கட்டு விறைத்துப் போனது. இன்று வீங்கியிருக்கிறது. ஏழாம் குழியில், அந்தக் கடல் நாக்குக்கு மேலால் அடிக்கிற இடத்தில், மூன்று பந்தும் தண்ணீருக்குள். ரிப்கா என்னைப் பார்க்காத மாதிரித் தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

வாப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். போட்டிக்கு நிற்காமல் பதினெட்டாம் திகதியே லொறியோடு போய்விடலாம். எல்லாருக்கும் முன்னால் தண்ணீருக்குள் அடித்துவிட்டுப் போவதைவிட அது நல்லது. திங்கட்கிழமை சொல்வேன்.

போகும்முன் ஒன்று எழுத வேண்டும். நண்டு விஷயத்தை மாஸ்டரிடம் எழுத்தில் கொடுத்திருக்கக் கூடாது. உன் அப்பாவைக் கூப்பிடுவார் என்று நான் நினைக்கவில்லை. அவர் நேற்று என்னைக் கண்டு தொப்பியைக் கழற்றி, "என்ட பிள்ளை செய்ததுக்குக் குறை நினைக்காதேங்கோ மகள்" என்றார். என் வாப்பாவின் வயது அவருக்கு. எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. நீ விரும்பாத செட்டை நான் எடுக்கப் பார்த்தபோதும் பரவாயில்லை என்று எழுதினாய், கொப்புளத்துக்கு மருந்தும் சொன்னாய். உன்னைப் பற்றிப் பிழையாக நினைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

நிப்லா


12.07.2025
சனி பின்னேரம்

நிப்லா ராத்தா,

நீங்க மன்னிப்புக் கேக்க வேணாம். இந்தக் கடிதத்தை இதோட மூண்டு தரம் கிழிச்சிட்டன். முதல் மூண்டிலயும் பகிடி இருந்தது.

சட்டியின்ட ஏழாம் அயனைக் கெடுத்தது நான்.

இலங்கைத்துறையில இருக்கிற என்ட மாமா மீன் வலையில கட்டுற ஈயத்துண்டு ஒண்டு என்ட பென்சில் பெட்டிக்குள்ள கிடந்தது. நாலாம் திகதி பின்னேரம், உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதிவைச்ச பிறகு, அதைக் கல்லில வைச்சுத் தட்டினன். ஈயம் ரொட்டி மாதிரி விரியும். அயனின்ட முதுகுக் குழிக்குள்ள, நுனி மூலையில அமத்தி, மேல கறுப்பு டேப் ஒட்டினன். பார்த்தா அயனோட வந்தமாதிரியே இருக்கும். வலையில ஒரு பக்கம் ஈயம் கூடினா அந்தப் பக்கம் பின்தங்கும் எண்டு வலை வீசுற எங்கட ஆக்களுக்குத் தெரியும். அயனும் அப்பிடித்தான். நுனியில பாரம் கூடினா நுனி பின்தங்கும், அயனின்ட முகம் திரும்பி மூடாது, பந்து வலத்தால போகும். தலை பாரமாத் தெரியுது எண்டு நீங்க எழுதினீங்க. நான் ரொட்டி சாப்பிடச் சொன்னன்.

இதைப் பகிடி எண்டு சொல்லித் தப்பப் பார்த்தனான், எனக்குள்ளயே. நண்டு பகிடிதான். இது பகிடி இல்லை. எனக்குக் கத்தி வேணும், நீங்க விடேல்லை, அப்பாவுக்கு முன்னால என்னைச் சின்னதாக்கினீங்க. அதுக்குத்தான் செய்தனான். ரெண்டு நாள் வலத்தால போனா நீங்க சட்டியை வெறுத்துக் கத்தியை எடுப்பீங்க, அதோட முடிஞ்சுது எண்டு நினைச்சன். உங்கட வீச்சையே மாத்துவீங்க எண்டு நினைக்கேல்லை. ஒருத்தர் அயனில பிழை இருக்கும் எண்டு பார்க்காம முழுப் பிழையையும் தன்ட கையில போடுவினம் எண்டு எனக்குத் தெரியாது. நான் எண்டா முதல்ல அயனைத்தான் திட்டியிருப்பன்.

படிவத்தை மேசையில வைக்க முன்னம் சொல்ல வெளிக்கிட்டனான். அந்தக் கடிதத்தில பாதியில நிக்கிற வசனம் அதுதான்.

இண்டைக்குப் பஸ்மியா ராத்தாவிட்டப் போய்ச் சொன்னனான். "அதுதானே, எனக்கும் அந்த ஏழு மட்டும் வேலிப் பக்கம் போகுது" எண்டா. பிறகு, "நீ கேட்டா மாத்தமாட்டன். நிப்லா வந்து கேட்டா மாத்துவன்" எண்டா. ஈயம் இன்னும் அந்த அயனிலதான் இருக்கு. நான் தொடேல்லை. இனி உங்கட சாமான் ஒண்டையும் கேக்காமத் தொடமாட்டன்.

நாளைக்கு மாஸ்டரிட்டச் சொல்லுறன். அதுக்கு முதல் அப்பாவிட்ட. மாஸ்டரைவிட அதுதான் கஷ்டம்.

வாப்பாவிட்டத் திங்கட்கிழமை சொல்லாதீங்க ராத்தா. உங்கட கையில பிழை இல்லை. வியாழக்கிழமை போன பதினாலு பந்தும் உண்மை. அதுக்குப் பிறகு போனதெல்லாம் என்ட பந்து.

ஜதுசா


14.07.2025
திங்கள்

ஜதுசா,

இதை உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். மாஸ்டர் உன்னை ஒரு மாதம் திடலுக்குள் வர வேண்டாம் என்று சொன்னது தெரியும்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். எட்டு நாள். ஒவ்வொரு காலையும் என் கையை நானே திட்டினேன். எட்டாம் திகதி விடியமுன் சுபஹு தொழுதுவிட்டு இந்த வீச்சைத் திருத்தித் தா என்று கேட்டேன். கெடாத ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லி.

பஸ்மியாவிடம் நானே போய்க் கேட்டேன். மாற்றிக்கொண்டோம். மாஸ்டர் இரண்டு படிவத்தையும் வெட்டி எழுதினார். பஸ்மியாவின் அடி நடுவில்தான் படும், அவளுக்குக் கத்திதான் சரி. ஏழாம் அயனின் டேப்பைக் கழற்றி உன் ஈயத்தையும் எடுத்தேன். இருபது பந்து அடித்தேன், பதின்மூன்று நேர். ஏழு கொஞ்சம் வலம். பழைய நான்தான்.

ஆனால் அந்த ஏழைப் பற்றி யோசித்தேன். நுனியில் ஈயம் வைத்தால் வலத்தால் போகிறது. அப்படியென்றால் குதிப் பக்கம், தண்டு வந்து சேர்கிற பக்கம், கொஞ்சம் வைத்தால்? மாஸ்டரிடம் கேட்டேன். போட்டிக்கு முன் ஒட்டி, நடுவில் கழற்றாமல் விளையாடினால் சட்டத்தில் தடை இல்லை என்றார். "யார் சொல்லித் தந்தது?" என்றார். நான் உன் ஈயத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு ஈயத்தைத் தட்டவும் ஒட்டவும் தெரியாது. மணிக்கட்டும் இன்னும் வீக்கம். நீ கெடுத்தாய், நீயே வேலை செய். ஐந்திலிருந்து ஒன்பது வரை ஐந்து அயனையும் உன் அப்பாவிடம் தந்திருக்கிறேன். உன் ஈயமும் அதில் இருக்கிறது. ஐந்துக்கும் சமமாகப் பிரி. புதன்கிழமை எனக்கு வேண்டும். வாப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. போட்டிக்கு நிற்கிறேன்.

பகிடி எழுதாதே.

நிப்லா


16.07.2025
புதன்

நிப்லா ராத்தா,

அயன் அஞ்சும் அப்பாவிட்டத் தந்திருக்கு.

ஈயத்தை அஞ்சாக வெட்டித் தட்டினன். கண்ணால பார்த்துச் சமம் எண்டு சொன்னா நானே என்னை நம்பமாட்டன், அதால சந்தியில இருக்கிற நகைக்கடையில கொண்டுபோய் நிறுத்தனான். நாலு கிராம், ஒண்டு மட்டும் நாலரை. அதை வெட்டிச் சரியாக்கினன். கடைக்கார அண்ணை, "இது எதுக்குப் போடுற நகை தங்கச்சி?" எண்டார். "குதிக்கு" எண்டன். இது பகிடி இல்லை, நடந்தது. நடந்ததை எழுதலாம்தானே.

குழிக்குள்ள குதி மூலையில மண்ணெண்ணெயால துடைச்சு, காய விட்டு, பசை போட்டு ஒட்டி, மேல டேப். நீங்க பார்க்கவேணும் எண்டு இந்த முறை வெள்ளை டேப். நகத்தால கிளப்பிப் பாருங்க, கிளம்பாது. அப்பா பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து முழுக்கப் பார்த்தார். கடைசியா ஏழாம் அயனைக் கையில எடுத்து ஒருக்கா ஆட்டிப் பார்த்தார். பதினொரு வருசத்தில அவர் ஒரு அயனைப் பிடிச்சதை நான் இண்டைக்குத்தான் கண்டனான்.

அடிச்சுப் பார்க்க எனக்கு வழியில்லை. சரியா தப்பா எண்டு தெரியாமத்தான் அனுப்புறன். அதுதான் பயமா இருக்கு. இடத்தால போனா ஏழாம் அயனில முதல்ல கழட்டுங்க. உங்கட கையைத் திட்டாதீங்க. என்னைத் திட்டுங்க, நான் பழகிட்டன்.

பகிடி இல்லாமக் கடிதம் எழுதினா என்ட எழுத்து வேற ஆளின்டமாதிரி இருக்கு.

ஜதுசா


13.08.2025
புதன்

ஜதுசா,

நாளை உன் ஒரு மாதம் முடிகிறது. பின்னேரம் நீ வந்து முதலில் பந்துப் பையைத்தான் திறப்பாய் என்று தெரியும். அதனால் இதை இங்கே வைக்கிறேன்.

முடிவை உன் அப்பா அன்றைக்கே சொல்லியிருப்பார். ஏழாம் குழியில் நடந்ததை அவர் சொல்லியிருக்க மாட்டார், அவர் அந்தப் பக்கம் நிற்கவில்லை.

ஆறு குழி முடிந்தபோது நானும் ரிப்காவும் சமம். எனக்கு முதல் அடித்த ரிப்காவின் பந்து, குழியும் கொடியும் இருக்கிற கிறீனில் ஏறி நின்றது. அவள் அன்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கச்சான் காற்று எழும்பிவிட்டது. கடல் நாக்கில் தண்ணீர் சுருண்டு சுருண்டு வந்தது. அதே மூன்று பந்து போன இடம். ஏழாம் அயனை எடுத்தேன். உன் வெள்ளை டேப் தெரிந்தது.

அடித்தேன். நுனியில் பட்டது. கையில் பட்டவுடனேயே தெரிந்துவிட்டது, நடு இல்லை, நல்ல நுனி. கத்தியாக இருந்தால் அந்த நிமிடமே தண்ணீர். நீ முதலில் ஒட்டிய மாதிரி இருந்தாலும் தண்ணீர்தான். பந்து மேலே போய்க் கொஞ்சம் வலத்துக்குச் சாய்ந்தது. பிறகு சாய்வதை நிறுத்தியது. அதற்கு மேல் போகவில்லை. அக்கரைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டி, கிறீனின் ஓரத்துப் புல்லில் விழுந்து கிடந்தது. மாஸ்டர் தன் கொப்பியில் ஏதோ எழுதினார். ரிப்கா, "அல்லாஹ், என்ன அயன்டி அது" என்றாள். அந்தக் குழியில் நான் தோற்கவில்லை. எட்டிலும் இல்லை. ஒன்பதில் ஒன்றால் வென்றேன்.

வாப்பாவும் உம்மாவும் கந்தளாய்க்குப் போய்விட்டார்கள். விடுதி அறை ஜன்னலால் துறைமுகம் தெரிகிறது. இங்கே புது செட் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம், சட்டியே போதும் என்றேன். ஆகவே நீ இன்னும் இரண்டு வருடத்துக்கு அதைத்தான் தூக்கித் திரிய வேண்டும், என்னோடு. காலை நான், பின்னேரம் நீ. உன் நம்பரையும் திறந்துவிட்டேன். ஆனாலும் பையைப் பற்றி ஏதும் என்றால் எழுதியே வை. உன் கடிதங்களை வாசித்துப் பழகிவிட்டேன்.

அயன் பொறுத்தது. நான் பொறுத்துவிட்டேனா என்று கேட்டால், அந்த எட்டு நாளை நினைக்கும்போது இன்னும் இல்லை. நினைக்காதபோது ஓம். நினைக்காத நேரம் கூடிக்கொண்டு வருகிறது.

வாப்பா போகும்போது உழவு இயந்திரத்துக்குப் போடுகிற கறுப்புக் கிரீஸ் ஒரு டப்பா விட்டுப் போனார். அதைப் பந்துப் பையின் ஸிப்புக்கு, உள்ளும் புறமும், நன்றாகப் பூசியிருக்கிறேன். இப்போது உன் கையைப் பார். இந்தக் கடதாசியையும் பார், எங்கெங்கே பிடித்தாய் என்று தெரியும். நடுவில் ஒன்றாவது பட்டதா?

சவர்க்காரத்துக்குப் போகாது. மண்ணெண்ணெய் கேட்டுக்கொண்டு நீ மாஸ்டரிடம்தான் போக வேண்டும்.

நிப்லா
(நண்டின் சார்பாகவும்)